வீட்டிலிருந்து ஜங்ஷன் வரை: முதியோர் நடையைத் தெரு எப்படித் தீர்மானிக்கிறது?

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தினமும் காலையில் ஜங்ஷன் வரை நடந்து, ஒரு சாயா குடித்து, பேப்பரைப் புரட்டிவிட்டு வருவார். ஒரு நாள் போவதை நிறுத்திவிடுவார். கேட்டால் "முட்டு வலி" என்பார். வீட்டாரும் டாக்டரிடம் காட்டி, தைலம் தேய்த்து, கைத்தடி வாங்கிக் கொடுப்பார்கள். அதே மாதத்தில் அந்த ரோட்டில் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டதும், ரோட்டு விளிம்பு அரை அடி உயர்ந்து ஓரத்து மண் பள்ளமாகிவிட்டதும் இந்தக் கணக்கில் வருவதில்லை. முட்டு வலி பொய்யில்லை. ஆனால் அதே முட்டோடுதான் அவர் போன மாதம் நடந்தார்.

குடியிருப்பின் அமைப்பு முதியோர் நடையை எப்படிக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஆராயும் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் எம். பவல் லாட்டன். அவர் 1968-இல் முன்வைத்து, 1973-இல் லூசில் நஹேமோவுடன் சேர்ந்து விரித்துச் சொன்ன கருத்து எளிமையானது: உடலின் திறன் குறையக் குறைய, சூழலின் பிடி கூடுகிறது. முப்பது வயதுக்காரர் மோசமான ரோட்டிலும் நடப்பார், நல்ல ரோட்டிலும் நடப்பார். அவருக்கு ரோடு பெரிய விஷயமில்லை. எண்பது வயதுக்காரருக்கு இரண்டு சென்டிமீட்டர் மேட்டைத் தாண்டுவதும் யோசித்து எடுக்கவேண்டிய முடிவு. அதனால்தான் ஊர் அமைப்பில் செய்யும் சின்ன மாற்றம்கூட முதியவர்களிடம்தான் முதலில் பலன் காட்டும். சின்னக் கெடுதலும் அவர்களைத்தான் முதலில் வீட்டுக்குள் அனுப்பும்.

உடலில் என்ன மாறுகிறது என்பதை எண்ணாகப் பார்த்தால் மீதி விளங்கும். சாலைப் பொறியாளர்கள் பாதசாரியின் வேகத்தைப் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். எழுபதைத் தாண்டிய பலரின் இயல்பு நடை நொடிக்கு 0.8 மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். நடக்கும்போது கால்விரல் நுனி தரையிலிருந்து எழும்பும் குறைந்தபட்ச உயரம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். இளையவர்க்கும் ஏறக்குறைய அதே அளவுதான். இளையவர் தடுக்கினால் அடுத்த காலை வீசி ஊன்றித் தப்பிவிடுவார், முதியவருக்கு அந்த வேகம் இருக்காது. கண்ணின் பாவை வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மெதுவாகத்தான் பழகும். எதிரே வரும் பைக்கின் ஹெட்லைட் கடந்துபோன பிறகும் சில நொடிகள் தரை தெரியாது. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்தக் கடைசிக் காரணம், நடைமுறையில் பல பெண்களை வீட்டோடு நிறுத்துகிறது.

இரண்டு வகை நடை

காரியத்துக்காக நடப்பது ஒன்று: ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், கோவில், குருசடி (சிறு சிலுவைக் கோவில்), பள்ளிவாசல், மருந்துக்கடை. உடம்புக்காகவோ மனசுக்காகவோ நடப்பது இன்னொன்று: நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவிலும் அண்ணா விளையாட்டரங்கத்திலும் காலையில் பார்ப்பது. இரண்டையும் ஊர் அமைப்பு வெவ்வேறு விதமாகப் பாதிக்கிறது. காரிய நடைக்குப் பக்கத்தில் போகவேண்டிய இடம் இருக்க வேண்டும். பொழுதுபோக்கு நடைக்கு நிழல், அமைதி, சமமான தரை வேண்டும். அது எங்கே இருந்தாலும் ஆட்டோவிலோ மகனுடைய பைக்கிலோ போய் இறங்கிக்கொள்ளலாம்.

இதில் நம் கவனம் காரிய நடைமேல் இருப்பது நல்லது. பூங்காவுக்குப் போக மனத்தைத் தயார்செய்ய வேண்டும். பால் வாங்கப் போக அது தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. குறைந்த அளவை எடுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21 நிமிடம். நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் 400 மீட்டர் தூரத்து ஜங்ஷனுக்குப் போய்த் திரும்பினாலே 16, 17 நிமிடம் ஆகிவிடும். மெதுவான நடை முழுக்க அந்தக் கணக்கில் சேருமா என்பது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது. ஆனால் கொஞ்சம் அசைவும் பலன் தரும் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. அதே வயதினர் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. அதை நடை மட்டும் ஈடுகட்டாது.

குமரி மாவட்டத்தின் விசித்திரம்

மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில் கடை, பஸ் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும், எனவே முதியோர் அதிகம் நடப்பார்கள் என்பது உலகின் பல நகர ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் முடிவு. அந்தக் கணக்குப்படி குமரி மாவட்டம் முதியோரின் சொர்க்கமாக இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறவாசிகள் என்று பதிவாகியிருக்கிறது.

ஆனால் இந்த நெருக்கம் ஒரே மாதிரியானதல்ல. கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் ஊர் என்பது ஊர்தான்: வீடுகள் தெருவாகச் சேர்ந்திருக்கும், சுற்றி வயலும் குளமும். சுசீந்திரத்தின் ரத வீதிகளைப் போல அகலமான, சமமான, கோவிலைச் சுற்றித் திரும்பிவரும் தெருக்கள் நடைக்கென்றே போட்டவைபோல இருக்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் விளைகளுக்குள், அதாவது மேட்டுத் தோட்டங்களுக்குள், தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. மேடும் பள்ளமுமான செம்மண் நிலம், நடுவில் தென்னையும் ரப்பரும். கடைகள் ஜங்ஷன்களிலும் மெயின் ரோட்டோரத்திலும் நீளவாக்கில் வளர்ந்திருக்கின்றன. ஆள் நெருக்கம் உண்டு, ஆனால் குவிந்த நெருக்கம் இல்லை. கடற்கரை ஊர்களோ நேர் எதிர்: சந்துகள், ஒட்டி ஒட்டி வீடுகள், நடுவில் தேவாலயம். தூரம் என்ற பிரச்சினையே அங்கில்லை. சந்தின் நடுவில் ஓடும் சாக்கடையும், வாசல்படி சந்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதும், பைக் நிறுத்துவதும்தான் பிரச்சினை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புகளில் சந்து அகலமாயிற்று, தூரம் கூடிவிட்டது.

எனவே சென்னைக்கோ ஹாங்காங்குக்கோ பொருந்தும் யோசனையை அப்படியே தூக்கிவந்து மேற்கிலுள்ள கிள்ளியூரில் வைக்க முடியாது. மேற்கு வட்டங்களில் முதல் கேள்வி, சுற்று எவ்வளவு என்பதே.

மதில் கட்டியதும் கூடிய தூரம்

ஒரு வீட்டிலிருந்து ஜங்ஷன் விளைக்குள்ளே ஒற்றையடிப் பாதையாகப் போனால் 250 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுப் பணம் வந்தது, விளை பிளாட்டானது, ஆறடி மதில் எழும்பியது. இப்போது ரோடு வழியே சுற்றிப் போனால் 600 மீட்டர். இந்த 600-ஐ 250-ஆல் வகுத்தால் 2.4. இதைச் சுற்று விகிதம் என்று சொல்லலாம். 1.3-க்குள் இருந்தால் நல்ல அமைப்பு, 1.5-ஐத் தாண்டினால் முதியவர் யோசிக்கத் தொடங்குவார். ஐந்து நிமிட நடை பன்னிரண்டு நிமிடமாகிவிட்டது. திரும்பி வருவதையும் சேர்த்தால் இருபத்தைந்து. இடையில் உட்கார இடமில்லை என்றால் அந்தப் பயணம் முடிந்தது.

மதில் இன்னும் இரண்டு கெடுதல் செய்கிறது. ஒன்று, ரோட்டின் இருபுறமும் மதில் தார் விளிம்புவரை வந்துவிட்டால் பைக் வரும்போது ஒதுங்க ஓரம் இருக்காது. மற்றது, பார்க்க ஆளில்லாத ரோடு உருவாகிறது. திண்ணையும் முற்றமும் தெருவைப் பார்த்திருந்த காலத்தில் யாராவது விழுந்தால் ஓடிவர ஆளுண்டு. இன்று நாய் துரத்தினால்கூடக் கேட்பாரில்லை.

மதிலை இடிக்கச் சொல்ல முடியாது. ஆனால் பொதுவழியாக இருந்த ஓர் ஒற்றையடிப் பாதையையாவது மிச்சம் வைக்கலாம். அகலம் 90 செ.மீ. போதும், வாக்கரும் சக்கர நாற்காலியும் அதில் நுழையும். சிக்கல் என்னவென்றால் பைக்கும் நுழையும். பைக்கைத் தடுக்கிறேன் என்று நடுவில் கல் நட்டு வழியை 50 செ.மீ. ஆக்கிவிடுவார்கள், அப்போது பைக்கோடு சேர்ந்து வாக்கரும் நின்றுவிடும். பைக் போனாலும் பரவாயில்லை, பாதை இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து.

ரோட்டைக் கடப்பது

மொத்த விஷயத்திலும் உயிரோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். இருவழி ரோட்டின் தார் அகலம் 7 மீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 6 நொடியில் கடந்துவிடுவார். 0.8 மீட்டர் நடப்பவருக்கு 9 நொடி வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த 9 நொடியில் 125 மீட்டர் ஓடும். அதாவது, இருபுறமும் 125 மீட்டர் தூரம் வண்டியில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே அவர் காலை எடுத்துவைக்க வேண்டும்.

நம் வளைவுகளில் மதிலையும் மரத்தையும் தாண்டி எவ்வளவு தூரம் தெரியும்? பல இடங்களில் 40, 50 மீட்டர். அப்படியென்றால் அங்கே எவ்வளவு கவனமான முதியவரும் பத்திரமாகக் கடக்கவே முடியாது. "பார்த்துப் போகக்கூடாதா" என்று அவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பார்த்தாலும் தெரியாத இடத்தில்தான் அவர் நிற்கிறார்.

தீர்வும் அந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. வேகத்தை 30-க்குக் குறைத்தால் 125 மீட்டர் 75 ஆகிறது. ரோட்டின் நடுவில் ஒதுங்கி நிற்க ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு திட்டு அமைத்தால், ஒரு நேரத்தில் 3.5 மீட்டர் மட்டும், ஒரு பக்கம் மட்டும் பார்த்துக் கடக்கலாம்; 50 வேகத்திலும் 61 மீட்டர் தெரிந்தால் போதும். இரண்டும் சேர்ந்தால் 40 மீட்டருக்குள் அடங்கும், நம் வளைவுக்குச் சரியாகிவிடும். மூன்றாவது வழி, கடக்கும் இடத்தையே வளைவிலிருந்து நகர்த்துவது. ஆனால் 50 மீட்டர் தள்ளிப் போய்க் கடந்து, மறுபடி 50 மீட்டர் திரும்பிவர முதியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். பஸ் ஸ்டாப்பையும் சேர்த்து நகர்த்தினால்தான் அது நடக்கும்.

வேகத்தடை போடுவதில் வழக்கமாகத் தவறு நேர்கிறது. சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமாகவும் நடுவில் 10 செ.மீ. உயரமாகவும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதில் ஏறி இறங்கிவிடும். நாம் பார்ப்பது ஒரு சாண் அகலத்தில் திடீரென்று எழும்பி நிற்கும் மேடு. பைக் ஓட்டுபவர் அதைத் தவிர்க்க விளிம்பிலுள்ள இடைவெளி வழியே வளைந்து போவார். முதியவர் நடப்பது அதே விளிம்பில். வளைவுகளில் வைக்கும் குவியாடி வண்டி ஓட்டுபவருக்கு உதவும். பிம்பம் சிறிதாகத் தெரிவதால் நடப்பவர் வண்டி தூரத்தில் இருப்பதாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

காலுக்குக் கீழே

ரோட்டு விளிம்பு உயர்வதற்கு மூலகாரணம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியிருக்கிறது; ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று கேட்கலாம். குறைந்தது, ஓரத்தில் மண்ணோ ஜல்லிக்கலவையோ கொட்டித் தார் மட்டத்துக்கு இடித்து நிரப்பச் சொல்லலாம். செம்மண்ணை இடிக்காமல் தளர்வாகக் கொட்டினால் முதல் மழையிலேயே ஓடையில் போய்விடும்.

மழை என்றதும் பாசி. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவம், இரண்டும் இங்கே பெய்கிறது. மர நிழலில் இருக்கும் கான்கிரீட் பாதையில் ஆண்டில் பாதி நாள் பச்சை படிந்திருக்கும். நிழலும் வழுவழுப்பும் ஒரே இடத்திலிருந்து வருவதால், நிழல் வேண்டும் என்ற பொதுவான யோசனையை இங்கே அப்படியே ஏற்க முடியாது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே ஈர்க்குமாறால் குறுக்காகக் கீறிவிட வேண்டும். ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. பக்கச் சரிவு கொடுத்தால் தண்ணீர் நிற்காது. அதற்குமேல் சரித்தால் கைத்தடி ஊன்றுபவர் ஒரு பக்கமாய்ச் சாய்வார். பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக் கழுவுவது மழை தொடங்கும் முன்னும் இடையிலும் தேவை. பேவர் பிளாக்கில் இடுக்கு மணல் கரைந்தால் கல் ஆடும். மணல் நிரப்புவது ஒரு மணி நேர வேலை, யாரும் செய்வதில்லை. பளபளக்கும் டைல்ஸ் பதித்த நடைபாதையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதில் நடக்காதீர்கள்.

நடைபாதை இருந்தும் முதியோர் ரோட்டில் இறங்கி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் உயரம். சாலைக் காங்கிரஸ் சொல்லும் உச்ச உயரம் 15 செ.மீ.; தெளிவான அகலம் குறைந்தது 1.8 மீட்டர். நாம் கட்டுவது ஓடைக்குமேல் ஸ்லாப் போட்டு ஒன்றேகால் அடி உயரத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெட்டு விட்டு. பத்து வீட்டைக் கடக்கப் பத்து முறை இறங்கி, பத்து முறை ஏற வேண்டும். ஒரு ஸ்லாப் உடைந்து ஓடை திறந்திருந்தால் அந்தப் பாதை முழுவதும் கைவிடப்படும். முதியவர் ஒரு வழியைச் சராசரியால் எடைபோடுவதில்லை. அதன் மிக மோசமான ஓர் அடியை வைத்தே முடிவெடுக்கிறார்.

உட்காரும் இடம்

சமதளத்தில் 100 மீட்டருக்கு ஒன்று, ஏற்றத்தில் 50 மீட்டருக்கு ஒன்று என்பது நல்ல இலக்கு. உயரம் 45 செ.மீ., இரு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி இல்லாத தாழ்ந்த பெஞ்சில் உட்காரலாம், எழும்ப முடியாது. பேட்டரி, விளம்பரம், பெயர்ப்பலகையெல்லாம் வைத்து லட்சக்கணக்கில் நிழற்குடை கட்டும் பணத்தில் ஒரு வார்டு முழுக்க இப்படி பெஞ்ச் போட்டுவிடலாம். சிறு பாலத்துக் கைப்பிடிச் சுவர், கடைத் திண்ணை, குருசடிப் படி ஆகியவையும் இருக்கைகள்தான். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வெளியே போட்டாலே ஒரு முதியவரின் எல்லை நூறு மீட்டர் நீளும். நம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல்லும் கல்மண்டபமும் வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. ஜங்ஷனில் பெண்கள் போகக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை ஒன்று இருந்தால் இன்னும் கொஞ்சம் நீளும்.

பஸ்ஸையும் நடையின் எதிரியாக நினைக்க வேண்டாம். டவுன் பஸ்ஸில் போகிறவர் இரு முனையிலும் நடக்கிறார். வாசலுக்கு ஆட்டோ வந்தால் நடப்பதேயில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது, இந்தக் கோணத்தில் பார்த்தால், ஒரு நடைத் திட்டமும்கூட. ஆனால் நிழற்குடை ஓரிடத்திலும் பஸ் நிற்பது முப்பது மீட்டர் தள்ளியுமாக இருந்தால், ஓட முடியாதவருக்கு அந்தத் திட்டம் எட்டாது.

உங்கள் வழியை நீங்களே அளக்க

இத்துறையில் பரவலாகப் பயன்படும் கேள்விப்பட்டியல் ஒன்று உண்டு. அதை இந்தியாவுக்கேற்ப மாற்றிச் சென்னையில் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வழியைச் சரிபார்க்க அவ்வளவு வேண்டாம். டேப், சாக்பீஸ், நேரான 120 செ.மீ. கம்பு, பாதி தண்ணீர் உள்ள பாட்டில், போன் போதும். முக்கியமாக, நடக்கப்போகும் முதியவர் கூட வர வேண்டும், அவர் வழக்கமாகப் போகும் நேரத்தில்.

முதலில் 10 மீட்டர் குறித்து அவரை இயல்பாக நடக்கவிடுங்கள். 12.5 நொடி ஆனால் வேகம் 0.8. ரோட்டின் அகலத்தை அந்த வேகத்தால் வகுத்து இரண்டு நொடி தயக்கத்துக்குக் கூட்டினால் கடக்கத் தேவையான நேரம் கிடைக்கும். கடக்குமிடத்தில் கால் மணி நேரம் நின்று, அந்த நேரத்துக்குக் குறையாத இடைவெளி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று முறைதான் என்றால், காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவர் துணிந்து இறங்கும் இடம் அது.

ஏற்றத்தை அளக்க, கம்பை ஏற்றத்தின் போக்கில் வைத்து, மேட்டுப் பக்கத்து முனையைத் தரையில் ஊன்றி, கம்பின்மேல் பாட்டிலைப் படுக்கவைத்து நீர்மட்டம் சமமாகும்வரை தாழ்ந்த பக்கத்து முனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் 10 செ.மீ. என்றால் சரிவு 12-க்கு 1. சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு ஏற்கும் எல்லை அது. அதற்குமேல் என்றால் கைப்பிடி வேண்டும், அதுவும் இறங்கும்போது முக்கியம். முட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடுமை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பிய எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்கிறார் என்பதையும் குறியுங்கள். எந்தக் கருவியும் அதைக் காட்டாது.

மாலை இருட்டிய பிறகு ஒருமுறை தனியாகப் போய் விளக்குகளைப் பாருங்கள். எரியாத விளக்கைவிட, பலாமரக் கிளைக்குள் எரியும் விளக்குதான் இங்கே அதிகம். மின் ஊழியரை அழைத்துக் கிளையை வெட்டினால் தீர்ந்தது.

மனு எழுதுமுன் ரோடு யாருடையது என்று உறுதிப்படுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறை, ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி என்று இவற்றில் ஒன்று. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு மாதக்கணக்கில் அலையும். ஊராட்சி என்றால் கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். நகர்ப்புறத்தில் 2022 முதல் பகுதி சபை இருக்கிறது. "முதியோருக்கு வசதி செய்து தரவும்" என்று எழுதினால் பதில் வராது. "இன்ன கடைக்கு எதிரே, ரோட்டு விளிம்பு 14 செ.மீ. உயரம், 22 மீட்டர் நீளத்துக்கு" என்று போட்டோவோடு எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே வழி, அதில் மூன்று வேலைக்கு மேல் கேட்க வேண்டாம். வேலை முடிந்ததும் அதே முதியவரோடு அதே நேரத்தில் மறுபடி நடந்து பார்த்துவிட்டு அடுத்த மனுவை எழுதலாம்.